போலியா, அரைகுறை வேலையா, நம் கைத்தவறா? அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

வாங்கிய பொருள் ஒரு மாதத்தில் பல்லிளித்தால் உடனே வாயில் வருகிற சொல் ‘டூப்ளிகேட்’. பல நேரம் அது சரியாகவே இருக்கும். சில நேரம் பொருள் அசல்தான், செய்தவர் ஏனோதானோ என்று செய்திருப்பார். இன்னும் சில நேரம் நாமே தப்பாகப் பயன்படுத்தியிருப்போம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. போலியைச் சரி செய்ய உட்கார்ந்தால் நேரம் வீண். அரைகுறை வேலையைப் பெரும்பாலும் நாமே ஒழுங்காக்கிவிடலாம். நம் தவறு என்றால் அடுத்து வாங்குவதும் இதே கதிக்குத்தான் போகும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களிடம் எது மக்கர் செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். கையில் இருக்க வேண்டியவை: கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தத் துண்டு, பழைய பிளேடு, வெள்ளைத் துணி. இதில் தராசுதான் பெரிய ஆள். மலிவாகச் செய்பவர் நிறத்தையும் எழுத்தையும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடுவார். எடையைக் கொண்டுவர வேண்டுமென்றால் உள்ளே சரக்கு இருந்தாக வேண்டும்.

போன் சார்ஜ் ஏற யுகமாகிறது

முதலில் போனின் சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, முளை செருகும்போதெல்லாம் அழுந்தி, கெட்டியாகிவிடும். முளை முழுதாக உள்ளே போகாது, லேசாக ஆடும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி வேண்டாம். நான் இரண்டு கேபிள்களைக் குப்பையில் போட்ட பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன். கேபிள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

துளை சுத்தம், இருந்தும் மெதுவாகத்தான் ஏறுகிறது, தொட்டால் வயர் சூடு. அப்படியானால் கம்பி மெலிசு. கேபிளின் மேலுறையில் பொடி எழுத்தில் ‘28ஏடபிள்யூஜி’ (28AWG), ‘24ஏடபிள்யூஜி’ (24AWG) என்று அச்சடித்திருக்கும். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 24-ஆம் எண் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 28-இன் பரப்பைப்போல் இரண்டரை மடங்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள 28-ஆம் எண் செம்புக் கம்பியில் 2 ஆம்பியர் போனால், போக வர இரண்டு கம்பியிலும் சேர்த்து ஏறக்குறைய 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போனுக்கு வந்து சேர்வது 4.15. போன் அதைப் பார்த்துப் பயந்து மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 24-ஆம் எண்ணில் இழப்பு 0.34 வோல்ட்தான்.

இது செம்புக் கணக்கு. பலதில் கம்பி முழுக்கச் செம்பாக இருக்காது. பழைய கேபிள் ஒன்றை வெட்டி, மெல்லிய இழை ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அதே பருமனில் அலுமினியம் கடத்துவது செம்பு கடத்துவதில் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். ஆனால் ஒன்று, நல்ல செம்புக் கம்பிக்கே துரு பிடிக்காமலிருக்க வெள்ளீயப்பூச்சு கொடுப்பதுண்டு. அது மேலே வெள்ளி, உள்ளே சிவப்பு. ஆகவே சுரண்டாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

போன் கேபிளில் இந்த ஏமாற்று நேரத்தைத்தான் தின்னும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் வயரில் இதே வேலை நடந்திருந்தால் கதை வேறு. அலுமினியம் திருகுக்கு அடியில் நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும், அந்த இணைப்பு சூடாகிக்கொண்டே போகும். பிளக்கின் பிளாஸ்டிக் பழுத்திருந்தால் அதைச் சரி பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

சார்ஜில் இருக்கும்போது தொட்டால் விர்ரென்கிறது

உலோக உடல் கொண்ட போன், மடிக்கணினி இவற்றை விரல் நுனியால் தடவும்போது மெல்லிய அதிர்வு தெரிகிறதா? இரண்டு முளை சார்ஜர் என்றால் அசலிலும் இது இருக்கும். சார்ஜருக்குள் மின்னிரைச்சலை அடக்க, மெயின் பக்கத்துக்கும் வெளிவரும் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறப்பு மின்தேக்கி (கெபாசிட்டர்) உட்கார்ந்திருக்கும். அதன் வழியாக மிகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். அது ஆபத்தில்லை.

ஆபத்து எங்கே என்றால், மலிவுச் சார்ஜரில் அந்தச் சிறப்பு மின்தேக்கிக்குப் பதில் சாதாரணமானதைப் போட்டிருப்பார்கள். சிறப்பானது பழுதானால் இணைப்பு அறுந்து போகும்படி செய்யப்பட்டது. சாதாரணமானது ஷார்ட் ஆகிவிடலாம். ஷார்ட் ஆனால் மெயின் மின்சாரம் நேரே உங்கள் கைக்கு. நல்ல சார்ஜரின் பலகையில் இரண்டு பக்கத்துக்கும் இடையே பல மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டிருப்பார்கள். போலியில் அங்கேதான் இடத்தை மிச்சம் பிடிப்பார்கள். வெளியிலிருந்து இது தெரியாது, பிரித்துப் பார்ப்பதும் கூடாது. வெளியிலிருந்து தெரிவது எடை. அதே மாதிரி அசலைத் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் உள்ளே எதையோ விட்டுவிட்டார்கள். சுரீரென்று அடித்தாலோ, உள்ளே ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தாலோ, கருகல் வாசனை வந்தாலோ தராசுகூட வேண்டாம்.

பவர் பேங்க் சொன்ன அளவுக்கு உழைப்பதில்லை

10,000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது, போனின் பேட்டரி 5,000, ஆகவே இரண்டு தடவை ஏற வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு மாதிரித்தான் தோன்றும். ஆனால் அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் எண்ணியது. வெளியே வருவது 5 வோல்ட். 10,000-ஐ 3.7-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 7,400. மாற்றும்போது சூடாகப் போவதையும் கழித்தால் 6,500 அளவில் நிற்கும். ஒன்றேகாலிலிருந்து ஒன்றரைத் தடவை போன் நிறைந்தால் பொருள் அசல். சண்டைக்குப் போகாதீர்கள்.

அரைத் தடவையோடு படுத்துவிட்டால் சந்தேகிக்கலாம். பலவற்றில் உள்ளே 18650 என்ற உருளைச் செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயர்க் காரணம். நல்ல செல் ஒன்று 45 முதல் 50 கிராம், கொள்ளளவு அதிகம் போனால் 3,500-ஐச் சுற்றி. 10,000 வர மூன்று செல் வேண்டும், செல் மட்டுமே 135 கிராமுக்கு மேல். மொத்தப் பெட்டியும் 120 கிராம் காட்டினால் கணக்கு உதைக்கிறது. தனியாக விற்கும் செல்லில் ‘9,900’ என்று அச்சடித்திருந்தால் அதை எடை போடக்கூடத் தேவையில்லை.

தராசைப் புகழ்ந்தேன் அல்லவா, இங்கே அதற்கும் ஒரு கண்ணி இருக்கிறது. எடை காட்டுவதற்காக மணலை அடைத்த பவர் பேங்குகளும் உண்டு. இலேசாக இருந்தால் நிச்சயம் மோசம், கனமாக இருப்பதால் மட்டும் நல்லதென்று சொல்லிவிட முடியாது. உப்பிய பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்தி, பழைய பேட்டரி வாங்குமிடத்தில் ஒப்படையுங்கள்.

பென்டிரைவில் போட்ட படம் பாதிக்கு மேல் சாம்பலாகத் திறக்கிறது

பெயர்ப் பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருக்கும், முதலில் போட்டவை திறக்கும், பிந்தியவை திறக்காது அல்லது பாதிப் படம் சாம்பலாகும். இது வைரஸ் இல்லை. உள்ளே இருக்கும் சில்லின் கொள்ளளவு 8 ஜிபி, ஆனால் கணினியிடம் 128 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். எட்டைத் தாண்டியதும் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும்.

உறுதி செய்ய, விண்டோஸில் ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ (H2testw), லினக்ஸில் ‘எஃப்3’ (F3) என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. கடைசி மூலை வரை எழுதித் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். மணிக்கணக்காகும், இரவில் ஓட விடுங்கள். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது. 64 ஜிபி வாங்கினால் விண்டோஸ் கணினி 59.6 என்று காட்டுவது மோசடி இல்லை. தயாரிப்பவர் ஆயிரங்களில் எண்ணுகிறார், கணினி 1,024-களில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

எல்இடி பல்பு சீக்கிரம் போய்விடுகிறது

பல்பை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் என்றால் முதல் சந்தேகம் குடுவை மேல். எல்இடி விளக்குப் புள்ளிகள் நெடுநாள் வரும், அவற்றுக்குக் கீழே இருக்கும் மின்தேக்கிதான் சூட்டில் சாகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய கணக்கு. திறந்த இடத்தில் மாட்டியும் மாதக்கணக்கில் போனால் மின்தேக்கியே மட்டம். 2000-களின் தொடக்கத்தில் மோசமான திரவம் அடைத்த மின்தேக்கிகள் சந்தைக்கு வந்து, பெயர்பெற்ற நிறுவனங்களின் கணினிகளுக்குள்ளேயே அவை கூட்டம் கூட்டமாக வீங்கி வெடித்தன. பெட்டிமேல் பெயர் அசலாக இருந்தாலும் உள்ளே ஒரு சின்ன உதிரிபாகம் போதும்.

மினுக்குகிறதா என்று பார்க்க, போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் படம் பிடியுங்கள். பட்டை பட்டையாக ஓடினால் டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சுற்று, மட்டம். படிக்கும் இடத்தில் அதை மாட்டாதீர்கள்.

எவர்சில்வரில் துருப்புள்ளி

காந்தம் ஒட்டினால் போலி என்ற பாட்டி வைத்தியத்தை முதலில் மறந்துவிடுங்கள். எவர்சில்வர் ஒரே உலோகம் இல்லை. 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் 8. ‘18/8’ என்று அடியில் பொறித்திருப்பது இதைத்தான். காந்தம் ஒட்டாது. 430 என்ற ரகத்தில் நிக்கல் இல்லையென்றே சொல்லலாம், காந்தம் படக்கென்று ஒட்டும், ஆனாலும் அது அசல் எவர்சில்வர். இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒட்டியே ஆக வேண்டும். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது 200 வரிசை. இதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் 304-ஐவிடச் சீக்கிரம் துரு பிடிக்கும். போதாக்குறைக்கு, நல்ல 304-ஐ வளைத்து மடித்த விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டும். ஆக, காந்தத்தை மட்டும் நம்பினால் மட்டமானது தப்பித்துவிடும், நல்லது மாட்டிக்கொள்ளும்.

புள்ளி எங்கே வருகிறது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் பரவலாக வந்தால் பெரும்பாலும் இரும்பு நாரால் தேய்த்த துகள் ஒட்டித் துருப்பிடித்திருக்கும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, கழுவி, ஈரமில்லாமல் வையுங்கள். மறுபடி வராவிட்டால் பாத்திரம் குற்றமற்றது. பிளீச்சிங் திரவத்தில் ஊற வைத்திருந்தால் நல்ல ரகத்திலும் குழி விழும். பிடியைப் பற்றவைத்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், பற்றவைத்த பிறகு அங்கே படிந்த கருக்கலைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அது வேலைக்குறை.

குழாயின் பளபளப்பு கொப்புளித்து உரிகிறது

குரோம் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி கண்டால் துத்தநாகக் கலவை, மஞ்சள் உலோகமும் பச்சைக் கறையும் என்றால் பித்தளை. வாங்கும் முன்னரே தெரிய வேண்டுமா? ஆர்க்கிமிடீஸ் காலத்து உத்தி இருக்கிறது. கழற்றிய கைப்பிடியை எடை போடுங்கள், 170 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, பூஜ்யமாக்கி, கைப்பிடியை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக முக்குங்கள். காற்றுக் குமிழி சிக்கக் கூடாது. தராசு 20 காட்டினால் அடர்த்தி 8.5, பித்தளை. 26 காட்டினால் 6.5 அளவு, துத்தநாகக் கலவை. கைப்பிடி துத்தநாகமாக இருந்தால் பரவாயில்லை, தண்ணீர் ஓடும் உடலே அதுவாக இருந்தால் எடுக்காதீர்கள்.

பட்டன் உதிர்கிறது, சாயம் போகிறது, சட்டை முறுக்கிக்கொள்கிறது

பட்டனைத் திருப்பி, துணியின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரே நூல் சங்கிலி மாதிரிப் பின்னி, ஒரு முனை தொங்குகிறதா? அந்த முனையை இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். விலை உயர்ந்த சட்டையிலும் இப்படித்தான் தைக்கிறார்கள், இயந்திரத்துக்கு அது வேகம். முதல் துவைப்புக்கு முன் அந்த முனையை ஊசியில் கோத்து உள்ளே இரண்டு சுற்று இழுத்து முடிச்சிட்டால் தீர்ந்தது. சோம்பலாக இருந்தால் ஒரு சொட்டு நிறமில்லாத நகப்பூச்சு.

சாயத்துக்கு: நனைத்த வெள்ளைத் துணியால் உள் மடிப்பில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால், சாயம் போட்ட பிறகு ஒட்டாமல் மிஞ்சியதைச் சரியாக அலசாமல் அனுப்பிவிட்டார்கள். உப்புப் போட்டு ஊற வைத்தால் நின்றுவிடும் என்பார்கள், நிற்காது. தைத்து முடிந்த துணியில் உப்புக்கு அந்தச் சக்தி இல்லை. துணி தாங்குகிற சூட்டில் வெந்நீரில் தனியாகப் பலமுறை அலசி, தண்ணீர் தெளியும் வரை வெளியேற்றுவதுதான் வழி.

டீ-சர்ட்டின் பக்கத் தையல் துவைக்கத் துவைக்க முன்னே வந்து வயிற்றில் நிற்கிறதா? தையல்காரர் மேல் தப்பில்லை. பின்னலில் நூலின் முறுக்கு அடங்கும் முன்னே அவசரமாக வெட்டித் தைத்த துணி. இதற்கு வைத்தியம் கிடையாது. வாங்கும்போதே பின்னலின் செங்குத்துக் கோடு தையலுக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஜிப் மூடிய பிறகு பின்னால் பிளந்துகொண்டால் பல்லைப் பழிக்காதீர்கள், ரன்னரின் வாய் அகன்றிருக்கிறது. குறடால் இரு ஓரத்தையும் துளித்துளியாக நெருக்குங்கள். அழுத்தம் கூடினால் உடைந்துவிடும்.

திருகின் தலை வழுக்குகிறது, கீல் ஆடுகிறது

திருகைத் திட்டும் முன் தலையை உற்றுப் பாருங்கள். பெருக்கல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கீறல்கள் இருந்தால் அது போஸிடிரைவ், சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் ஒழுங்காக உட்காராது, தலையைத் தின்றுவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து நாம் கெடுக்கிற திருகுகள் ஏராளம். சரியான திருப்புளியிலும் வழுக்கினால் இரும்பு மட்டம். அகலமான ரப்பர் பேண்டைத் தலைமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் கழன்று வரும்.

அலமாரிக் கதவின் கீல் ஆடினால், திருகு நன்றாகவே இருக்கும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மரை நின்றிருக்காது. துளையில் மரப்பசை விட்டு, தீக்குச்சிகளைத் தலை கிள்ளிவிட்டு நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டுத் திருகுங்கள். பலகை ஈரம் குடித்து உப்பியிருந்தால் இந்த வேலையெல்லாம் வீண், அந்தப் பலகையையே மாற்ற வேண்டும்.

டைல்ஸ் தட்டினால் டொக் என்கிறது

நாணயத்தால் ஒவ்வொரு கல்லின் நான்கு மூலையையும் நடுவையும் தட்டிக்கொண்டே போங்கள். நிறைந்த இடம் ‘டக்’, வெற்றிடம் ‘டொக்’. நடுவில் டக், மூலைகளில் டொக் என்றால், பசையைப் பல்கரண்டியால் இழுத்துப் பரப்பாமல் நடுவில் மட்டும் உருண்டையாக வைத்து அமுக்கியிருக்கிறார்கள். மூலையில் கனமான எதையாவது போட்டால் விரியும். வேலைக்காரர் “அதெல்லாம் காய்ந்தால் சரியாகிவிடும்” என்பார். ஆகாது. டொக் கேட்ட கற்களில் சாக்பீஸால் குறி போட்டு, படம் எடுத்து, கடைசித் தவணை கொடுக்கும் முன் அவரையே தட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாக்குவாதம் பாதியாகும்.

சுவர்ப் பூச்சில் வலை மாதிரி மெல்லிய விரிசல் இருந்தால் வேகமாகக் காய்ந்த மேற்பூச்சு, அழகுக்குத்தான் கேடு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பட்டி வைத்து மூட விடாதீர்கள். அதன் குறுக்கே பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, அது அகல்கிறதா என்று சில மாதம் கவனித்து, அகன்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

போடாமலே வைத்திருந்த ஷூவின் அடி பொடிப்பொடியாக உதிர்கிறது

இதற்குத்தான் மக்கள் ‘டூப்ளிகேட்’ என்று அதிகம் சத்தம் போடுகிறார்கள், இதில்தான் அந்தச் சொல் அதிகம் தவறுகிறது. அடியில் இருப்பது பாலியூரிதேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அசலும் உதிரும், போலியும் உதிரும். பெட்டியில் பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பசை போட்டு ஒட்ட முடியாது, ஒட்டுகிற பரப்பே மாவாகிக்கொண்டிருக்கும். மேல்பகுதி நல்ல தோல் என்றால் ரப்பர் அடி போட்டுத் தைத்துத் தரச் சொல்லலாம். நல்ல நாளுக்கென்று பத்திரப்படுத்திய ஜோடி ஏதாவது உங்களிடம் இருந்தால், இப்போதே எடுத்து அடியில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, விரல் பட்ட இடம் எழும்பி வராமல் பள்ளமாகவே நின்றாலோ, அதைப் போட்டுக்கொண்டு வெளியூர் கிளம்பிவிடாதீர்கள்.